காணாமல் போனவர் மரத்தில் இருந்தார்

காணவில்லை என்ற புகாரின் பேரில் தேடப்பட்டு, கண்டுபிடிக்கப்பட்ட நபர் கொடுத்த வாக்குமூலம்.

நாள்: 17.05.2025, மாலை 5.40 மணி.
எழுதியவர்: தலைமைக் காவலர் சிவக்குமார்.
உடன் இருந்தவர்: சார்பு ஆய்வாளர் சூர்யகலா.

பெயர்: பெரியகருப்பன்.
தகப்பனார் பெயர்: கன்னையன் (காலமாகிவிட்டார்).
வயது: 68.
முகவரி: மேலத் தெரு, சிலமலை, போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்.
தொழில்: மரம் ஏறுதல்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி வேலுத்தாய், மகன் அருள்பாண்டி, மருமகள் ரேணுகா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். வயதை ஆதார் அட்டையில் உள்ளபடி சொல்லியிருக்கிறேன். அந்த அட்டையில் நான் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்ததாகப் போட்டிருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்திருக்கிறோம். என் மகன் கொடுத்த புகாரில் என் தொழில் என்ற இடத்தில் 'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்கள். அது தவறு. நான் வீட்டில் இருந்தால் எதற்காக என்னைத் தேட வேண்டும்? தொழில் மரம் ஏறுதல் என்று எழுதச் சொன்னேன், அதன்படி எழுதினார்கள்.

நான் பதினாறு வயது முதல் மரம் ஏறி வருகிறேன். மாசி, பங்குனியில் சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்துத் தோட்டங்களில் இலவ மரம் ஏறிக் காய் தட்டுவேன். சித்திரையில் மாங்காய் பறிப்பேன். வைகாசி பிறக்கும் சமயத்தில், மழைக்கு முன்பாகப் போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போய் நிழல் மரங்களில் அதிகமான கொப்புகளை வெட்டிக் கழிப்பேன். தையில் மிளகு. ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது. எந்தக் கொப்பைக் கழித்தால் எந்தச் செடிக்கு எத்தனை நேரம் வெளிச்சம் விழும் என்று மரத்தின் மேல் இருந்துகொண்டே சொல்லுவேன். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் போடியிலிருந்து குமுளி வரைக்கும் எத்தனை பேர் என்று தோட்டக்காரர்களிடம் விசாரித்துக்கொள்ளலாம். இந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் என்னால் யாருக்கும் ஒரு காயம் பட்டதில்லை. நானும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். வாக்குமூலத்தில் பொய் சொல்லக்கூடாது என்பதால், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் தொழிலுக்கு இரண்டு கயிறு உண்டு. ஒன்று, என் இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் ஆள் கயிறு. மற்றொன்று, வெட்டிய கொப்பைக் கட்டிக் கீழே இறக்கும் கொப்புக் கயிறு. ஆள் கயிற்றில் ஆளைத் தவிர வேறு எதையும் கட்டக்கூடாது. சுமை தாங்கிய கயிற்றின் உள்ளே எந்த நூல் அறுந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் தெரிந்தோ தெரியாமலோ ஆள் கயிற்றில் ஒரு தடவை சுமை கட்டிவிட்டால், அன்றைக்கே அதை முழத்துக்கு ஒரு துண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும். நீளமாக விட்டுவைத்தால் அவசரத்தில் யாராவது எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். இந்த வழக்கம் மரம் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். என் மகனுக்குத் தெரியாது. அவன் ஜீப்பு ஓட்டுகிறவன். தினமும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுவது அவன் தொழில்.

கடந்த 05.04.2025 அன்று காலை, ராசிங்காபுரத்தில் ஒரு தோட்டத்தில் இலவ மரத்தில் ஏறிக் காய் தட்டிக்கொண்டிருந்தபோது, நான் கால் வைத்திருந்த கொப்பின் உள்ளே பூச்சி அரித்திருந்ததால் அது முறிந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். ஆள் கயிறு இருந்ததால் நான் விழவில்லை, தொங்கினேன். நெஞ்சு மரத்தில் உரசித் தோல் உரிந்ததோடு சரி. அதன் பிறகு நானே கயிற்றைப் பிடித்துப் பக்கத்துக் கொப்புக்கு மாறி, மீதிக் காய்களையும் தட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். நான் தொங்கியதை மட்டும் கீழே நின்ற ஒருவர் செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். மீதிக் காய் தட்டியதை அவர் பிடிக்கவில்லை. அந்தப் படம் அன்று மத்தியானமே போடி ஜீப்பு ஸ்டாண்டில் என் மகன் கைக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அருள்பாண்டி வீட்டுக்கு வந்து, என் இரண்டு கயிறு, அரிவாள், கைவாள் எல்லாவற்றையும் எடுத்து ஜீப்பின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். நெஞ்சுப் புண் ஆறும்வரை நானும் கேட்கவில்லை. ஆறிய பிறகு கேட்டதற்கு, "ஏறுனது போதும்ப்பா. மகன் சோறு போடாம கெழவன மரத்துல ஏத்துறான்னு ஊருல என்னையத்தேன் காறித் துப்புறாங்க" என்றான். அவன் சோறு போடாமல் இல்லை. மூன்று வேளையும் போடுகிறான், மருமகளும் ஒரு குறை வைக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று என் மனைவி எனக்காகப் பேசிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

அதன் பிறகு 28.04.2025 முதல், போடியில் ஏலக்காய் மூட்டைகள் வைக்கும் ஒரு கிட்டங்கியில் என்னை வாட்ச்மேனாகச் சேர்த்துவிட்டான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில், ஒரு நீலச் சட்டை கொடுத்தார்கள். சட்டைக்குள் என்னைப்போல் இன்னொருவரும் குடியிருக்கலாம். மரத்தில் ஒரு நாளும் வராத இடுப்பு வலி அந்த நாற்காலியில் வந்தது. எதிரே ஒரு வேப்ப மரம் இருந்தது. அதில் காய்ந்த கொப்பு ஒன்று கரண்டுக் கம்பிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பதிமூன்று நாட்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை யாரும் வெட்டவும் இல்லை, கேட்டதற்கு என்னை வெட்டவிடவும் இல்லை. அதன் பிறகு நான் அந்த வேலைக்குப் போகவில்லை.

12.05.2025 அன்று சாயங்காலம் ஐந்து மணி அளவில் என் மகன் எங்கள் தெரு வழியாக எட்டு உர மூட்டைகளை ஜீப்பின் மேலே ஏற்றிக்கொண்டு வந்தான். அந்த மூட்டைகளை என் ஆள் கயிற்றால் கட்டியிருந்தான். முனையில் மஞ்சள் துணி சுற்றியிருப்பதால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு அவன் வீட்டுக்கு வந்ததும், "அது ஆள் கயிறுடா" என்றேன். "ஏறாத ஆளுக்கு எதுக்குப்பா ஆள் கயிறு? சும்மாதான கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை வாசலில் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் எந்த மரத்திலும் நான் அழுததில்லை.

அதன் பிறகு, திறந்திருந்த பின்பெட்டியிலிருந்து என் அரிவாள், கைவாள், கொப்புக் கயிறு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஆள் கயிற்றை மாட்டுக் கொட்டத்துக்குக் கொண்டுபோய் வழக்கப்படி முழத்துக்கு ஒரு துண்டாக வெட்டினேன். நாற்பது முழக் கயிறு நாற்பது துண்டானது. அவற்றை அங்கேயே ஒரு மூலையில் குவித்துவிட்டேன். மறுநாள் 13.05.2025 அன்று காலை, என் மகன் முதல் டிரிப்புக்குக் கிளம்பிப் போன பிறகு, மலைக்குப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பயகிட்டச் சொல்லாத. சோலி முடிஞ்சதும் வந்துர்றேன்" என்றேன். "வெரசா வந்துருங்க" என்று சொல்லித் தூக்குவாளியில் சோறு போட்டுக் கொடுத்தாள். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மரத்தில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தால் கை தன்னால் அங்கே போகும் என்பதால் வேலைக்கு ஒரு நாளும் போன் கொண்டுபோவதில்லை. வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

பிறகு பஸ்சு ஏறிப் போடிக்குப் போய், ஒரு கயிற்றுக் கடையில் நாற்பது முழம் புதுக் கயிறு வாங்கினேன். வாங்கியதும், அதைக் கடை உத்திரத்தில் போட்டு என் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். எந்தக் கயிறு வாங்கினாலும் அப்படித்தான் பார்ப்பேன். கடைக்காரர், "பெருசு, நம்ம கடையில வேணாம், பாவம் சுத்திக்கும்" என்று ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டாவது நாளாகவும் நான் வீட்டுக்கு வராததால், என் மகன் மாட்டுக் கொட்டத்தில் துண்டு துண்டாகக் கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டு 14.05.2025 அன்று புகார் கொடுத்திருக்கிறான். போலீசார் போடியில் விசாரித்தபோது, ஒரு பெரியவர் புதுக் கயிறு வாங்கி உத்திரத்தில் மாட்டித் தொங்கப் பார்த்தார் என்று கயிற்றுக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு இரண்டு நாட்கள் சுற்று வட்டாரத்தில் கிணறு, மாந்தோப்பு, புளியந்தோப்பு ஒன்று விடாமல் தேடியிருக்கிறார்கள். சாகப் போகிறவன் கயிற்றைச் சோதித்தா வாங்குவான் என்று நான் கேட்டதற்கு, சார்பு ஆய்வாளர் அம்மா சிரித்தார்கள். ஆனால் என் மகன் சிரிக்கவில்லை. அந்த இரண்டு நாட்கள் அவன் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்ததை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்காக நான் வருந்துகிறேன்.

போலீசார் மூன்று முறை கேட்டும் என் மனைவி நான் இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. "அவரு வந்துருவாரு, போயி ஒங்க சோலியப் பாருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, மருமகள் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டிருக்கிறாள். அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சொல்லாதே என்றது நான். கல்யாணமாகி நாற்பத்தைந்து ஆண்டுகளில் என் சொல்லை அவள் அப்படியே கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் 13.05.2025 அன்று கயிறு வாங்கிய பிறகு, ஒரு லோடு ஜீப்பில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகும் வழியில், போடியைச் சேர்ந்த சீனிச்சாமி என்பவரின் ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருபது ஆண்டுகளாக வைகாசியில் நான்தான் கொப்பு கழிப்பேன். மேற்பார்வை பார்க்கும் முத்துக்கண்ணன் என்பவர் புதிதாக வந்தவர், என்னை அவருக்குத் தெரியாது. அறுபது தாண்டிய ஆளை மரத்தில் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார். "வீடு போ போங்குது, காடு வா வாங்குது. இந்த வயசுல ஒமக்கு எதுக்குப் பெருசு இது?" என்றார். "காடு வான்னுச்சு, அதேன் வந்திருக்கேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, வெட்டிய கொப்புகளை இழுத்துப் போடும் வேலை கொடுத்தார். நானும் சம்மதித்து இரண்டு நாட்கள் இழுத்துப் போட்டேன்.

மரத்தில் இரண்டு இளவட்டங்கள் மிஷின் வாளுடன் ஏறிக் கொப்பு கழித்தார்கள். நல்ல பையன்கள்தான், ஏறுவதில் என்னைவிட வேகம். ஆனால் வெட்டிய கொப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படுத்துக் கிடக்கும். ஒரு கொப்பு விழுந்தால் அந்த வருடத்துக் காய் போயிற்று. முதல் நாள் அவர்கள் நசுக்கியது அறுபத்தொரு செடி. நான் எண்ணி வைத்துக்கொண்டேன். தோட்டத்தின் நல்ல பாத்திக்கு மேலே சரிவில் ஒரு பெரிய அயனி மரம் நிற்கிறது. அதில் ஒன்பது கொப்புகள் செடிகளை இருட்டாக்கிக்கொண்டிருந்தன. சரிவில் நிற்பதாலும் அடிமரத்தில் கைப்பிடி இல்லாததாலும் அதில் ஏற முடியாது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

15.05.2025 அன்று மத்தியானம் தோட்டத்து முதலாளி சீனிச்சாமி வந்தார். அயனியை இந்த வருடம் விட்டுவிடலாம் என்று முத்துக்கண்ணன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நான் ஒரு கொப்பை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "பெரியகருப்பா, நீ எதுக்குய்யா கீழ நிக்கிற?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எனக்கு வயது என்ன என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் 16.05.2025 காலை ஏழு மணிக்கு அயனியில் ஏறினேன். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்ததில் மரம் உள்ளே கெட்டியாக இருந்தது. கொப்பு பிரியும் முதல் கவட்டைக்குப் போகவே அரை மணி நேரமானது. முன்பு கால் மணி நேரத்தில் போவேன் என்பதையும் மறைக்கவில்லை. மெதுவாகப் போனேன், ஆனால் எங்கும் நிற்கவில்லை. கொப்பை இறக்குவதற்குக் கீழே ஒரு ஆள் வேண்டும், அவரைக் கீழாள் என்போம். கொப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டை வழியாகப் போய்க் கீழாள் கைக்கு வரும். அவர் அதைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல இளக்கி விடவேண்டும். கீழாள் கை சரியில்லையென்றால் மேலே இருப்பவனுக்கு வாழ்வில்லை. அங்கே ஒருவர் நன்றாகவே கயிறு விட்டார். அன்று ஐந்து கொப்புகளை ஏலச்செடி வரிசைகளுக்கு நடுவே உள்ள வழியில் இறக்கினோம். வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

அந்தப் பெண்களில் ஒருவரான பொன்னுமணி, அன்று சாயங்காலம் போடி ஜீப்பு ஸ்டாண்டில் என் மகன் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து விவரம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "ஒங்கப்பாவா? அவரு மரத்துலல்ல இருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் என் மகன் முதலில் இன்னும் சத்தமாக அழுதானாம். பிறகு பொன்னுமணி முழு விவரமும் சொல்லியிருக்கிறார். அதன் பேரில் இன்று 17.05.2025 காலை சார்பு ஆய்வாளர் அம்மா, தலைமைக் காவலர், என் மகன் மூவரும் மேற்படி தோட்டத்துக்கு வந்தார்கள்.

அவர்கள் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். எட்டுக் கொப்புகளை இறக்கிவிட்டு ஒன்பதாவதை அறுத்து முடித்திருந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது, ஒரு மாட்டின் எடை இருக்கும். கொப்பு மரத்தை விட்டுப் பிரிந்து, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மூவரும் நேராக அதன் அடியில் வந்து நின்றார்கள். காக்கி உடுப்பைப் பார்த்ததும் கீழாளாக நின்றவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவிட்டார். அவர் மேல் ஏதோ சேவல்கட்டு வழக்கு இருக்கலாம். அவருடைய பெயர் என்ன என்று சார்பு ஆய்வாளர் அம்மா பலமுறை கேட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை. வயதாகிவிட்டது அல்லவா?

மரத்தில் சுற்றிய இரண்டு சுற்றால் கயிறு உடனே ஓடிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டது. கொப்பு முழம் முழமாக இறங்கியது. சுற்று கழன்றால், அடியில் நின்ற மூவர் மேலும் அது விழும். எதிர்வீச்சில் கயிறு என்னை அடித்துத் தள்ளும். பெண்கள் "மதி, மதி" என்று கத்தினார்கள். மலையில் போதும் என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் என் மகனைப் பார்த்து, "அப்பு, கயிறப் பிடி! கையில சுத்தாத, மரத்துல இன்னொரு சுத்துப் போடு!" என்றேன். பக்கத்து மரத்தில் கயிறு இழுபடுவதை அவன் பார்த்துவிட்டான். ஓடிப்போய்ப் பிடித்து, சொன்னபடி மூன்றாவது சுற்றைப் போட்டான். கயிறு நின்றது. கொப்பு சார்பு ஆய்வாளர் அம்மாவின் தொப்பிக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. இந்த வாக்குமூலத்தை எழுதும் தலைமைக் காவலரும் ஓடிவந்து என் மகனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். அவருடைய வலது உள்ளங்கையில் இப்போது உள்ள சிராய்ப்பு அப்போது ஏற்பட்டதுதான்.

எல்லோரும் விலகிய பிறகும் கொப்பை இறக்கியாக வேண்டும். சார்பு ஆய்வாளர் அம்மா, அப்படியே விட்டுவிடுங்கள், உயிர்தான் முக்கியம் என்று சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அடியில் பதினான்கு ஏலச்செடிகள் சரம் விட்டிருந்தன. மேலிருந்து "இளக்கு" என்பேன், என் மகன் ஒரு சாண் விடுவான். "நிறுத்து" என்பேன், நிறுத்துவான். ஒரு தடவை கூடத் தாண்டவில்லை, ஒரு தடவை கூடப் பதறவில்லை. மலைப்பாதையில் பிரேக்கு மிதித்துப் பழகிய கால் அவனுக்கு. அந்த நிதானம் இன்று கைக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் கொப்பு வரிசைக்கு நடுவே வழியில் படுத்தது. முத்துக்கண்ணன் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துவிட்டு, ஒரு சரம் கூட ஒடியவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என் மகன் கயிறு விட்டதைப்போல் முதல் தடவை பிடிக்கும் எவனும் விட்டு நான் பார்த்ததில்லை. இதை அவனிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அதன் பிறகு நான் யாருடைய உதவியும் இல்லாமல் இறங்கினேன். மகன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் தோள், கை, முழங்கால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நான் என் சொந்த விருப்பத்தின் பேரில்தான் அங்கே போனேன், என்னை யாரும் கடத்தவோ அடைத்துவைக்கவோ இல்லை, எனக்கு நியாயமான வேலையும் மரியாதையும் கொடுத்தார்கள் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்கே வந்து வாக்குமூலம் எழுதும்போது, 'இனிமேல் நான் மரம் ஏறமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரியைச் சேர்க்கவேண்டும் என்று என் மகன் கேட்டான். சார்பு ஆய்வாளர் அம்மாவும், வயதாகிவிட்டது, நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்றார்கள். தலைமைக் காவலர் அந்த வரியை எழுதியும்விட்டார். நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். "அம்மா, எறங்கத் தெரிஞ்சவன் ஏறலாம். எறங்கத் தெரியாத அன்னைக்கு நானே ஏறமாட்டேன். அதுக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்க வேண்டியதில்ல" என்று சொன்னேன்.

அப்போது என் மகன், "அந்தப் படத்தப் பாத்த நாள்ல இருந்து போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்குப்பா. பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஒன்னைய நெனச்சுக்கிட்டேதேன் ஏத்துறேன்" என்றான். இதை அவன் இதற்கு முன்பு என்னிடம் சொன்னதில்லை. ஊர் துப்புகிறது என்றான், பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நானும் சோற்றுக்காக ஏறவில்லை, அங்கே இருக்கும்போதுதான் நான் நானாக இருக்கிறேன் என்று அவனிடம் சொன்னதில்லை. இன்று சொன்னேன். தலைமைக் காவலர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பிறகு என் மகன், "அந்த வரிய அடிச்சிருங்கம்மா. எழுதி வாங்குனா மட்டும் கேக்குற ஆளா? ஆனா எங்க ஏறுனாலும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தேன் ஏறணும். அத எழுதிக்கங்க" என்றான். அதன்படி மேற்கண்ட வரி அடிக்கப்பட்டது. இனிமேல் எந்த மரத்தில் ஏறினாலும் என் மகன் அருள்பாண்டியிடம் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு ஏறுவேன் என்பதற்கு நான் முழுமனதோடு சம்மதிக்கிறேன்.

அவ்வாறு சம்மதித்தபடி, இதன் மூலமாகவே என் மகனுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், வரும் திங்கட்கிழமை 19.05.2025 காலை ஏழு மணிக்கு, சீனிச்சாமி தோட்டத்தில் அயனிக்கு அடுத்துள்ள பலா மரத்தில் ஏறுகிறேன். கயிறு இரண்டும் நன்றாக இருக்கின்றன. கீழாள் இன்னும் அமையவில்லை.

மேலே கண்டவை எல்லாம் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் வாயால் நான் சொன்னவை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். காது நன்றாகக் கேட்கிறது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) க. பெரியகருப்பன்

சார்பு ஆய்வாளரின் அனுமதியுடன், புகார்தாரர் தன் கைப்பட எழுதியது:

மேற்படி தகவல் எனக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை ஜீப்புக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டேன். கீழாளாக நான் வருகிறேன்.

(ஒப்பம்) பெ. அருள்பாண்டி